உதயகலாவின் வலப்பக்கக் கடைவாய்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் புழுக்கொடியல் வாங்க வருபவர்கள் கட்டை அவிழ்த்துப் பார்ப்பதில்லை. “உதயகலா கடிச்சதோ?” என்று மட்டும் கேட்பார்கள். பனங்கிழங்கை அவித்துக் காயவைத்த அந்தப் பண்டம் உள்ளே சற்று ஈரமாயிருந்தாலும், கனடாவிலுள்ள பிள்ளைகளிடம் போய்ச் சேருமுன் பூஞ்சணம் பிடித்துவிடும். அதனால் உதயகலா ஒவ்வொரு கட்டிலும் ஒன்றை உருவி, வலப்பக்கக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் கொடுத்து முறிப்பாள். சத்தம் சரியென்றால் கட்டு தேறிவிட்டது. இருபத்திரண்டு வருடமாக இதுதான் சோதனை.

போன பங்குனியில் அந்தப் பல்லே ஆடத் தொடங்கியது.

“ஆடினாப் பிடுங்கத்தானே வேணும்” என்றார் கணவர் சோமசேகரம்.

“உங்களுக்கென்ன? உங்கடை பல்லை நம்பி ஆர் இருக்கினம்?”

பல் போனால் பெயர் போகும், பெயர் போனால் சந்தையில் அவளுக்கு என்ன வேலை? அந்தப் பல்லை மட்டும் உப்புப் போட்டுக் காலையும் மாலையும் தேய்த்தாள். அது பளபளத்துக்கொண்டே ஆடியது. கடைசியில் பல் வைத்தியர் ஷெரோனிடம் போனாள். அந்தப் பிள்ளை கடி எங்கே விழுகிறதென்று பார்க்க ஒரு நீலத்தாளை நீட்டிக் கடிக்கச் சொன்னதும், உதயகலா பழக்கதோஷத்தில் வலப்பக்கத்தால் ஒரே கடி கடித்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள்.

“மற்றப் பக்கத்தாலை சாப்பிடுறேல்லையே அம்மா?”

“இல்லை. அது சும்மா கிடக்குது.”

“சும்மா கிடந்த பக்கத்திலைதான் ஊத்தை படிஞ்சு பல்லைச் சுத்தின முரசு வீங்கியிருக்கு. தொட்டா ரத்தம் வருது. ஆடுற பல்லின்ரை முரசு நல்லாயிருக்கு.”

உழைத்தது தளர்ந்திருந்தது, உழைக்காதது அழுகப் பார்த்தது. இதில் எந்தப் பக்கத்தை ஏசுவதென்று உதயகலாவுக்குத் தெரியவில்லை.

“அப்ப ஏன் ஆடுது?”

“பல்லு எலும்பிலை ஆணி மாதிரி இறுகி நிக்கேல்லை அம்மா. நடுவிலை மெல்லிய நார் இருக்கு. கடிக்கிற பாரத்தை அதுதான் தாங்குது. முழுப் பாரத்தையும் ஒரு பல்லிலையே போட்டால் நார் தளரும், எலும்பும் இடம் விட்டுக் குடுக்கும். பாரத்தைக் குறைச்சால் திரும்ப இறுகும். ஆனா ஊத்தையும் அங்கை சேர்ந்துதெண்டால் பல்லைக் காப்பாத்திறது கஷ்டம். ஆறு கிழமைக்குப் புழுக்கொடியல் கடிக்கப்படாது.”

“அப்ப ஆர் கடிக்கிறது?”

“நான் பல்லு வைத்தியர், அம்மா” என்றபடி ஷெரோன் இடப்பக்கத்தைச் சுரண்டத் தொடங்கினாள்.

மறுநாள் உதயகலா பாக்குவெட்டியோடு சந்தைக்குப் போனாள். நெல்லியடியிலிருந்து கட்டுகள் கொண்டுவரும் செல்வரட்ணம் அதைப் பார்த்துவிட்டு, “என்ன அக்கா, பல்லு லீவோ? உந்தப் பாக்குவெட்டிக்குக் காய்ஞ்சது காயாதது தெரியுமே?” என்றார்.

“பொறும். அதுக்கும் பழக்கிறன்.”

மூன்றாவது கட்டிலிருந்து உருவியதை வெட்டியபோது சத்தம் அருமையாக வந்தது. வெட்டுமுகத்தைப் பார்த்தால், வெளியே காய்ந்து நடுவில் மட்டும் கறுப்பாய் ஈரம். பல்லால் முறித்திருந்தால் தேறியிருக்கும். நாலு வருடத்துக்கு முன் கனடாவிலிருந்து மச்சாள் பூஞ்சணம் என்று முறையிட்டபோது, தான் பழியை விமானத்தின் மேல் போட்டது நினைவுக்கு வந்தது. உதயகலா அந்தக் கட்டை மட்டும் திருப்பிக் கொடுத்தாள். செல்வரட்ணமும் வெட்டுமுகத்தைப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

ஆறு வாரம் கழித்து ஷெரோன் வாய்க்கண்ணாடியின் பிடியால் அந்தப் பல்லைத் தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை. இடப்பக்க முரசும் தணிந்திருந்தது.

“இனிக் கடிக்கலாமோ?”

“சாப்பிடலாம், ரெண்டு பக்கத்தாலையும். சந்தைக்காகக் கடிக்கப்படாது.”

இப்போது பல் உறுதியாக நிற்கிறது, உத்தியோகம்தான் இல்லை. பாக்குவெட்டி மேசைக்குக் கீழே இருக்கிறது. உதயகலா குனிந்து வெட்டி, வெட்டுமுகத்தைப் பார்த்த பிறகு ஒரு மெல்லிய துண்டை வாயில் போடுவாள். முதலில் இடப்பக்கம், பிறகு வலப்பக்கம் என்று ஆட்கள் பார்க்கக் கண்ணை மூடி மெல்லுவாள்.

“கடிச்சதோ அக்கா?”

“ஓம், கடிச்சதுதான்” என்பாள்.