சனிக்கிழமைக்கு இடமில்லை

அந்தப் பெண் முதன்முதலாக என்னைத் தொலைபேசியில் அழைத்தது கொடியேற்றத்துக்கு முந்தைய புதன்கிழமை மாலை. கிள்ளானில் ஒரு பொதுத் தொலைபேசியிலிருந்து பேசினார். பின்னால் லோரிகள் போகும் சத்தம் கேட்டது.

“அண்ணே, ஒம்பதாம் நாள் சனிக்கிழமைக்கு ஒரு பால்குடம் வேணும். எனக்கு அன்னிக்கு மட்டும்தான் லீவு.”

கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. மகளுக்கு இருதய அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தால் இந்தத் திருவிழாவிலேயே பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டிருந்தார். மகள் பிழைத்து வீடு திரும்பிவிட்டாள். சாமிக்குச் சொன்ன சொல்தான் பாக்கி.

நான் கணினியில் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். சனிக்கிழமைக்கு எதிரே ‘இடம் இல்லை’ என்று சிவப்பில் இருந்தது. அதையே சொன்னேன். காசு தீர்ந்து லைன் அறுந்துவிட்டது.

தொண்ணூறுகளின் கடைசியில் எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றிவிட வேண்டும் என்ற வேகம் நாடு முழுக்க இருந்தது. எங்கள் பிரிக்பீல்ட்ஸ் கோயில் நிர்வாகமும் அதற்குத் தப்பவில்லை. பங்குனி உத்திரத் திருவிழா பத்து நாள். கோயிலில் இருக்கும் பித்தளைக் குடங்களைப் பொறுத்து ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று கட்டுப்பாடு. அந்தப் பதிவுக்கு ஓர் இணையப் பக்கம் செய்துகொடுத்தவன் என் மனைவியின் தம்பி. பூக்கடைக்கு மேல்மாடியில் கணினி அலுவலகம் வைத்திருந்தான். நான் ஆண்டுதோறும் திருவிழா மலருக்குக் கோயில் வரலாறு எழுதுகிறவன். அதனால்தானோ என்னவோ, பக்கத்தின் அடியில் ‘விவரங்களுக்கு’ என்று என் வீட்டு எண்ணைப் போட்டுவிட்டார்கள். என்னை யாரும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை கொடி ஏறியது. முதல் நாளுக்கு இடம் இல்லை என்று ஒரு வாரமாகப் பக்கம் சொல்லிக்கொண்டிருந்தது. போய்ப் பார்த்தால் குடங்கள் பாதி அப்படியே கவிழ்ந்து கிடந்தன. ஞாயிற்றுக்கிழமை அதற்கு நேர்மாறு. இன்னும் இடம் இருக்கிறது என்று அன்று காலைவரை பக்கம் காட்டியது. கோயிலுக்கு வந்தவர்களுக்கோ குடம் போதவில்லை. பதிவு ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு செராஸிலிருந்து வந்த ஒரு குடும்பம் எவர்சில்வர் தூக்கில் பால் எடுத்தது. அந்தக் குடும்பத் தலைவர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க நான் முயன்றதுண்டு.

திங்கட்கிழமை அந்தப் பெண் மறுபடி அழைத்தார்.

“இன்னும் இடமில்லேன்னுதான் காட்டுதா அண்ணே?”

“ஆமாம்மா.”

“யாரும் வேணாம்னு சொல்லமாட்டாங்களா?”

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மச்சானைக் கையோடு இழுத்துக்கொண்டு கோயில் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே பதிவு செய்கிற அக்கா கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். நேரில் வருகிறவர்களுக்கும் அதே பக்கத்தில் அவர்தான் பதிவார்.

மச்சான் அலட்டிக்கொள்ளவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எனக்குப் பாடம் நடத்தினான். பக்கத்தை யார் திறந்தாலும் கணினி ஒவ்வொரு பதிவாக எண்ணிப் பார்த்துச் சொல்லும்படிதான் முதலில் செய்தானாம். பழைய கணினி. ஒருவர் பக்கத்தைத் திறந்துவிட்டு, தேநீர்க் கடையில் ஒரு தே தாரிக் குடித்துவிட்டு வரலாம். ஆகவே ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டம் வைத்து, எண்ணிக்கையை அதில் எழுதி வைத்துவிட்டான். யாராவது பதிந்தால் கட்டத்தில் ஒன்று கூடும். ரத்து செய்தால் ஒன்று குறையும். பக்கம் அந்தக் கட்டத்தை மட்டும் பார்க்கும்; பதிவுகளை எண்ணாது.

“அப்போ தப்பு வர வாய்ப்பே இல்ல லா மச்சான்,” என்றான்.

“ரத்து பட்டனை யாராவது அமுக்கியிருக்காங்களா?” என்று அக்காவைக் கேட்டேன்.

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “சாமிக்கு வேண்டிக்கிட்டதைப் போய் ரத்துனு போடச் சொல்றீங்களா? நல்லா இருக்கு கதை. வர முடியலேன்னா வேற நாளுக்கு மாத்திக் கொடுப்பேன். இவர்தானே அதுக்கு ஒரு பட்டன் வச்சுக் கொடுத்தாரு.”

மச்சான் அந்தப் பட்டனைத் திறந்து பார்த்தான். நாள் மாற்றும் பட்டனை அக்கா கேட்டதற்காகப் பிறகு சேர்த்திருக்கிறான். அது பதிவில் இருக்கும் நாளை மாற்றியது. கட்டங்களைத் தொடவே இல்லை. வெள்ளிக்கிழமையை விட்டுப் போனவர்கள் வெள்ளிக்கிழமைக் கட்டத்திலேயே குந்தியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு மாறி வந்தவர்கள் எந்தக் கணக்கிலும் இல்லை. வேண்டுதலை ரத்து செய்ய நம்மில் யாருக்கும் மனம் வராது என்பது, கோயில் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்த இவனுக்கு எப்படித் தோன்றாமல் போனது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

“ஆன்டி ரத்து பண்ணிட்டுப் புதுசா பதிஞ்சிருக்கணும்,” என்றான்.

“நீ வந்து பண்ணு,” என்றார் அக்கா.

அவன் உடனே செய்த காரியம் என் பொறுமையை இன்னும் சோதித்தது. சனிக்கிழமைக் கட்டத்தில் இருந்த எண்ணை அழித்துவிட்டு, குத்துமதிப்பாக ஒன்றைத் தட்டினான். வேண்டாம் என்றேன். பிறகு பட்டனைத் திருத்தினான்: பழைய நாளில் ஒன்று குறையும், புதிய நாளில் ஒன்று கூடும். “இனிமே சரியா இருக்கும் மச்சான்,” என்று எழுந்தான். இனிமேல் சரிதான். இதுவரை ஏறியிருந்த பிழை கட்டங்களில் அப்படியே உட்கார்ந்திருந்தது. தப்பான எண்ணிலிருந்து ஒன்றை ஒழுங்காகக் கழித்தால் கிடைப்பதும் தப்பான எண்தான்.

பழைய ஆண்டறிக்கைகளை ஒப்பிட்டுப் படிக்கும் பழக்கம் எனக்கு உண்டு. ஒருவர் ஒரு கூட்டுத்தொகையை எழுதிவிட்டால் அடுத்தவர் அதைப் பார்த்து எழுதுவார். மூன்றாமவர் மேற்கோள் காட்டுவார். திரும்பக் கூட்டிப் பார்க்க யாருக்கும் தோன்றாது. கணினி வந்தால் இந்தச் சோம்பல் ஒழியும் என்று நம்பியிருந்தேன்.

“எல்லா நாளையும் முதல்லேர்ந்து எண்ணு. எண்ணி எண்ணைக் கட்டத்துல போடு. தினமும் காலையில ஒரு தடவை அதே மாதிரி செய்,” என்றேன்.

“தினமுமா? பட்டன்தான் சரியாயிடுச்சே.”

“நாளைக்கு அக்கா இன்னொரு பட்டன் கேப்பாங்க.”

அக்கா சிரித்துவிட்டார். மச்சான் முனகிக்கொண்டே உட்கார்ந்து எண்ணவைத்தான். கணினி வெகுநேரம் உறுமியது. முடிந்ததும் சனிக்கிழமையின் சிவப்பு போய்விட்டது. உத்திரத்தன்றே எடுக்கலாம் என்று கடைசி நாளுக்கு மாறிப் போனவர்களின் இடங்கள் அத்தனையும் காலியாக இருந்தன.

எனக்கு அந்தப் பெண்ணின் ஞாபகம். அவரை அழைக்க எண் கிடையாது. தொழிற்சாலையில் வேலை நேரத்தில் ஆளைக் கூப்பிட்டுத் தரமாட்டார்கள். அவராக அழைக்கும்வரை காத்திருந்தால் இடம் போய்விடும். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே பங்சாரிலிருந்து ஒருவர் பதிந்துவிட்டார். அவர் தொலைபேசியில் சொல்லியிருந்த பெயரை அக்காவிடம் சொன்னேன். நட்சத்திரம் இல்லாமல் பக்கம் பதிவை ஏற்காது என்றார். மகளின் நட்சத்திரம் எனக்கு எப்படித் தெரியும்?

“பேரு அவங்களோடதே இருக்கட்டும், நட்சத்திரத்துக்கு முருகனோடதைப் போட்டுடறேன்,” என்று அக்காவே விசாகம் என்று தட்டினார்.

வியாழக்கிழமை அந்தப் பெண் அழைத்தார். இம்முறை எதையும் கேட்கவில்லை. “எதுக்கும் ஒரு தடவை ஞாபகப்படுத்திட்டு வச்சிடலாம்னு போன் போட்டேன்,” என்று மட்டும் சொன்னார்.

“சனிக்கிழமைக்கு உங்க பேர் பதிஞ்சாச்சும்மா. வந்துடுங்க.”

“நெறைஞ்சிடுச்சுன்னு சொன்னீங்களே அண்ணே. இப்போ எப்படி வந்துச்சு?”

“எண்ணிக்கை தப்பா இருந்துச்சும்மா. ஆளுங்க நாள் மாத்தினது கணக்குல ஏறல. திரும்ப எண்ணினோம்.”

“கம்ப்யூட்டர்தானே எண்ணுது?”

“கம்ப்யூட்டர் எண்ணலம்மா. எண்ணி வச்சதைக் காட்டிச்சு.”

நான் சொன்னது எனக்கே சப்பைக்கட்டாகத்தான் கேட்டது. அவர் நம்பவில்லை.

“பரவால்ல அண்ணே. எல்லா எடத்துலயும் கேபிள் இருந்தாத்தான், உள்ள தெரிஞ்ச ஆள் இருந்தாத்தான் நடக்குது. யாருக்கோ புடிச்சு வச்சிருந்தீங்க, அவங்க வரல, எனக்குக் கொடுத்தீங்க. அது போதும் எனக்கு.”

மறுத்துப் பேச வாயைத் திறப்பதற்குள் காசு தீர்ந்துவிட்டது.

சனிக்கிழமை விடியற்காலையில் கிள்ளானிலிருந்து கிளம்பும் முதல் கொம்யூட்டர் ரயிலைப் பிடித்து மகளோடு வந்திருந்தார். மஞ்சள் புடவை. மகள் மெலிந்துபோய், அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பிராகாரத்தைச் சுற்றினாள். அவர் தலையில் குடம் ஆடவே இல்லை. அபிஷேகம் முடிந்ததும் என்னைத் தேடி வந்து ஒரு பிளாஸ்டிக் பையைக் கையில் திணித்தார். உள்ளே ஆப்பிளும் ஒரு பாக்கெட் பிஸ்கட்டும். இடம் பிடித்துக் கொடுத்ததற்காம்.

“நான் ஒண்ணும் செய்யலம்மா. அது உங்க இடம்தான்,” என்றேன்.

“தெரியும் அண்ணே, வெளிய சொல்லமாட்டேன்,” என்று சொல்லிவிட்டு மகளை அன்னதானப் பந்திக்கு அழைத்துக்கொண்டு போனார்.