வலி ஊசி

போன வருஷம் கார்த்திகை பிறந்து நாலைந்து நாள் இருக்கும். தா.பழூர் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து காலை பஸ்ஸைப் பிடித்து, ரத்தப் பரிசோதனை முடிவு வாங்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப் போவதில்லை. எழுதினால் என்னைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. பதினோரு வருஷமாகிறது. கல்யாணத்துக்குப் பிறகு கணவரிடமிருந்து வந்தது. இரண்டு பேரும் ஒருநாள் தவறாமல் மாத்திரை சாப்பிடுகிறோம். மகளுக்கு இல்லை, பத்தாவது படிக்கிறாள். ஊரில் ஒருவருக்கும் விஷயம் தெரியாது. வீட்டில் ஜாக்கெட் தைக்கிறேன். நடவு, களை சமயத்தில் வயல் வேலைக்கும் போவேன்.

அதற்கு இரண்டு வருஷம் முன்னால் எனக்கு ஹெபடைடிஸ் சி என்ற கிருமியும் இருப்பதாகக் கண்டுபிடித்தார்கள். ரத்தத்தின் வழியாகப் பரவும், மெதுவாகக் கல்லீரலை அரிக்கும், எச்.ஐ.வி. இருப்பவர்களை இன்னும் சீக்கிரம் படுத்தும் என்றார்கள். மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டேன். சுத்தமாகப் போய்விட்டது என்று சொன்ன அன்று, ஜெயங்கொண்டத்தில் இறங்கி மகளுக்குப் பால்கோவா வாங்கிக்கொண்டு போனேன். அம்மை ஒரு தடவை வந்தால் மறுபடி வராது என்பார்களே, இதையும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். குணமானாலும் திரும்ப வரும் என்று யாரும் எனக்குப் புரியும்படி சொல்லவில்லை. முதல் தடவை எப்படி வந்தது என்றுகூட யாரும் கேட்கவில்லை.

அன்றைக்கு முடிவு வந்தது. மறுபடியும் இருக்கிறது. பழைய கிருமி மிச்சமிருந்து தலைதூக்கியதா என்று பார்க்க ரத்தத்தை வெளியூருக்கு அனுப்பியிருந்தார்கள். இல்லை, இது வேறு வகை, புதிதாக வந்தது என்று எழுதியிருந்தது.

மாத்திரை கொடுப்பதற்கு முன்னால் விவரம் எழுதிக்கொள்ளும் ஆலோசகர் ஒருவர் இருந்தார். ஐம்பது வயதுப் பெண். அறைக்கதவு திறந்தே கிடந்தது. வெளியே பெஞ்சில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"உண்மையச் சொல்லும்மா. வெளியில யார்கூடயாவது பழக்கம் இருக்கா? ஒரு தடவ குணப்படுத்தி அனுப்புனோம். திரும்பவும் வாங்கிட்டு வந்து நிக்கிற."

சந்தைக்குப் போய் கத்திரிக்காய் வாங்கி வந்தது மாதிரி சொன்னார். இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன். அவர் நம்பாமல் ஏதோ எழுதிக்கொண்டார்.

வீட்டில் அதைவிடப் பெரிய கூத்து. கணவரையும் பரிசோதனைக்கு வரச் சொன்னார்கள். அவருக்கு அந்தக் கிருமி இல்லை. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"எனக்கு இல்ல. அப்ப உனக்கு எங்கேருந்து வந்துச்சு?"

பதினோரு வருஷத்துக்கு முன்னால் இந்தக் கேள்வியை நான் அவரிடம் கேட்கவில்லை. போனது போகட்டும், புள்ளையைப் பார்ப்போம் என்று விட்டுவிட்டேன். அந்த மனுஷன் என்னைக் கேட்கிறார். கையில் இருந்த சோற்றுக் கரண்டியை சுவரில் வீசினேன். அது மட்டும்தான் அன்று என்னால் முடிந்தது. அதன்பிறகு பத்து நாள் அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

அடுத்த முறை போனபோது புதிதாக ஒரு டாக்டரம்மா இருந்தார். சின்ன வயது. கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "கடைசி ஒரு வருஷத்துல எங்கெங்க ஊசி போட்டுக்கிட்டீங்க? குளுக்கோஸ் ஏத்துனீங்களா, பல்லு புடுங்குனீங்களா, பச்சை குத்துனீங்களா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

ஊசி என்றதும்தான் எனக்குப் பொறிதட்டியது. எங்கள் பக்கம் நடவு நேரத்தில் நாள் முழுக்கக் குனிந்து நட்டுவிட்டு சாயங்காலம் நிமிர முடியாது. மெயின் ரோட்டில் ஒருவர் வலி ஊசி போடுவார். டாக்டருக்குப் படித்தவர் இல்லை. எங்கேயோ கம்பவுண்டராக இருந்தவர். கையில் ஈரச் சேறு காயாமல் பத்துப் பதினைந்து பெண்கள் அவர் வாசலில் நிற்போம். போட்டுக்கொண்டால் மறுநாள் வேலைக்குப் போகலாம். இரண்டு வருஷ நடவிலும் நான் எத்தனை தடவை போட்டுக்கொண்டேன் என்று எனக்கே கணக்கு இல்லை.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அங்கே போனேன். களை எடுத்துவிட்டு வந்த பெண்கள் வரிசையில் நின்றார்கள். இத்தனை நாளும் ஊசி போடும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள், அன்று கண்ணைக் கொட்டாமல் பார்த்தேன். மருந்துப் பாட்டில் ஒன்று. ஊசிக்குழலும் ஒன்றுதான். ஒருத்திக்குப் போட்டார். முனையை மட்டும் கழற்றி டம்ளரில் இருந்த சுடுதண்ணீரில் போட்டார். அதிலேயே கிடந்த வேறொரு முனையை மாட்டி, அதே குழலால் அதே பாட்டிலிலிருந்து உறிஞ்சி, அடுத்தவளுக்கு.

அடுத்து நின்றது என்னோடு எப்போதும் ஒரே வரிசையில் நடும் அக்கா. புருஷன் இல்லாதவர். என் சாப்பாட்டில் பாதியை அவரும், அவர் சாப்பாட்டில் பாதியை நானும் தின்போம். அவர் கையைப் பிடித்து இழுத்துவிட்டேன்.

"புது ஊசி பிரிங்க. பிரிச்சாதான் போடணும்" என்று கத்தினேன்.

ஊசி போடுகிறவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. "சுடுதண்ணியில போட்டுத்தான எடுக்கிறேன். பதினஞ்சு வருஷமா போடுறேன். யாருக்கு என்னாச்சு?" என்றார்.

அந்த நிமிஷம்தான் எனக்கு இன்னொன்று உறைத்தது. முந்தின வருஷ நடவிலேயே எனக்குத் தொற்றியிருந்தால், அந்த வருஷ நடவில் என் ரத்தமும் அதே குழலில்தானே போயிருக்கும்? எனக்குப் பின்னால் நின்றவர்களுக்கு? வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. பொய் சொல்லவில்லை, அப்படித்தான் தோன்றியது.

"எனக்கு ஆச்சு. ஈரல்ல கிருமி. இந்த ஊசியாலதான் வந்திருக்கணும். எல்லாரும் போயி ரத்தம் பாருங்க" என்று சொல்லிவிட்டேன். எச்.ஐ.வி.யைச் சொல்லவில்லை. அந்தத் தைரியம் எனக்கு இல்லை.

எல்லோரும் அந்த ஆள்மேல் பாய்வார்கள் என்று நினைத்தேன். என்மேல் பாய்ந்தார்கள். அதிலும் முதல் ஆள் அந்த அக்காதான்.

"நோவ வச்சிக்கிட்டு எங்களோட வந்து ஊசி போட்டியாடி? எங்க வூட்லயும் புள்ளைங்க இருக்குடி!"

எனக்கே தெரியாது அக்கா என்றால் யார் கேட்கிறார்கள்? அந்த ஆள் டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். அந்த முகத்தை நினைத்தால் இப்போதும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

மறுநாள் டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எங்கெங்கோ பேசியிருக்கிறார். பத்து நாளில் எங்கள் ஊரில் முகாம் போட்டு ரத்தம் எடுத்தார்கள். அந்தக் கடையைப் பூட்டினார்கள். முகாமில் எல்லாப் பரிசோதனையும் செய்தார்கள். எச்.ஐ.வி. யாருக்கும் இல்லை. நான் மாத்திரை விடாமல் சாப்பிடுவதால் என் ரத்தத்தில் அது அடங்கியிருக்கிறது என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். ஆனாலும் முடிவு வரும்வரை நான் தூங்கவில்லை. ஹெபடைடிஸ் சி என்னோடு நட்டவர்களில் மூன்று பேருக்கு இருந்தது. ஒருவர் அந்த அக்கா.

இரண்டு நாள் கழித்து அவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "ஆஸ்பத்திரியில எனக்கு யாரையும் தெரியாது. நீயும் வாடி" என்றார். போனோம்.

அதே ஆலோசகர். அதே திறந்த கதவு. அக்கா என்னையும் உள்ளே இழுத்துக்கொண்டு போயிருந்தார். புருஷன் இல்லை என்று அக்கா சொன்னதும் அந்த அம்மா பேனாவை நிறுத்தினார். "அப்ப வெளியில யார்கூடயாவது…"

"ஊசி எங்க போட்டாங்கன்னு கேளுங்க மேடம்!" நான் போட்ட சத்தத்தில் பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். "என்னைய அன்னைக்குக் கேட்டிருந்தா இவங்களுக்கு வந்திருக்குமா வந்திருக்காதான்னு தெரியாது. மொத தடவையே கேட்டிருந்தா எனக்கு ரெண்டாவது தடவ வந்தே இருக்காது. எழுதுங்க. ஊசின்னு எழுதுங்க."

அந்த அம்மா எழுதினார். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

அப்புறம் நான் என் எச்.ஐ.வி. மாத்திரை வாங்கும் அறைக்குப் போனேன். அக்கா வெளியே நின்று அந்த அறையின் பெயர்ப்பலகையையும், என் கையில் கொடுத்த மாத்திரை டப்பாவையும் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் ஏறி உட்கார்ந்ததும், ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னார்.

"எத்தன நோவுடி உனக்கு. ஆளாளுக்கு ஒண்ணு குடுத்திருக்கானுவொ."

அவ்வளவுதான். இன்றுவரை யாரிடமும் அவர் மூச்சுவிடவில்லை.

கணவர், முகாம் முடிவைக் கேட்டதும், தப்பாக் கேட்டுட்டேன் என்றார். சரி என்றேன். ஒரே வீட்டில் இருக்கிறோம், பேசிக்கொள்கிறோம். ஆனால் அந்தக் கேள்வி என் காதை விட்டுப் போகவில்லை. அக்காவுக்கும் எனக்கும் மூன்று மாத மாத்திரை முடிந்து, கிருமி இல்லை என்று வந்துவிட்டது. இந்தத் தடவை நான் பால்கோவா வாங்கவில்லை. இல்லை என்பது இன்றைய தேதிக்குத்தான் என்று இப்போது தெரியும்.

அந்த ஊசிக்காரர் பொங்கல் கழித்து நாலு ஊர் தள்ளிக் கடை திறந்துவிட்டார். அங்கேயும் சாயங்காலம் கூட்டம் நிற்கிறதாம். நான் மறுபடி புகார் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கோபத்தை விடு, உடம்புக்கு ஆகாது என்று சொல்கிறார்கள். விடமாட்டேன், ஏனென்றால் கோபம் ஆறிய அன்று, முதுகு வலிக்கிறதே என்று நானே அந்த வரிசையில் போய்க் கையை நீட்டிவிடுவேனோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.