மணிக்கட்டில் இரண்டு தட்டு

பேய்க்கதை சொல்கிறவனைக் கண்டாலே எனக்கு ஆகாது. ராயபுரத்தில் எங்கள் தெருவில் வாரத்துக்கு ஒருத்தன் கடலோரத்தில் வெள்ளைப் புடவையைப் பார்த்துவிட்டு வருவான், முதலில் வாயை ஊது பார்ப்போம் என்பேன். அப்படிப்பட்ட நான்தான் இதைச் சொல்கிறேன். நீங்கள் சிரித்தாலும் சரி, நடந்தது நடந்ததுதான், அதுவும் பட்டப்பகலில்.

ஐம்பதுகளில் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். அன்றைக்குக் கப்பலிலிருந்து ஒரு பெரிய மரப்பெட்டி இறங்க வேண்டும். உள்ளே ஹெலிகாப்டர், பட்டாளத்துப் பைலட்டுகளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்கிற சின்ன வண்டி என்றார்கள். மேலே கூண்டில் இருக்கும் எனக்குப் பெட்டிக்கு அடியில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. கீழே நிற்கும் காஜாவின் கைதான் எனக்குக் கண். கை கீழே போனால் இறக்கு, முஷ்டியைத் தூக்கினால் நிறுத்து, வேறு யார் கத்தினாலும் காதில் வாங்கக்கூடாது.

பெட்டி இடுப்பளவுக்கு வந்ததும் காஜா முஷ்டியைத் தூக்கினான், நிறுத்தினேன். பெட்டி உட்கார வேண்டிய கட்டை கோணலாகக் கிடந்ததாம், அதை நகர்த்த என் தங்கை புருஷன் சவரி அடியில் நுழைந்திருக்கிறான். எனக்கு அது தெரியாது. தங்கைக்கு அப்போது ஏழாம் மாதம். வெயிலென்றால் அப்படி ஒரு வெயில், காஜா முகத்து வேர்வையை வழித்துக் கையைக் கீழே உதறினான். வேர்வையை உதறினானா இறக்கச் சொன்னானா, அவ்வளவு உயரத்திலிருந்து எனக்கென்ன ஜோசியமா தெரியும்? பெட்டியை இறக்கும் பிடியை முன்னால் தள்ளிவிட்டேன்.

பெட்டி இறங்கிக்கொண்டிருக்கும்போதே என் வலது மணிக்கட்டில் இரண்டு தட்டு. டக், டக். கூண்டில் நான் ஒருத்தன்தான். கையை எடுத்துவிட்டேன், ஏன் எடுத்தேன் என்று மாதா சத்தியமாகத் தெரியாது. அந்தக் கிரேனில் பிடி விட்ட இடத்திலேயே நிற்கும், தானாக அசையாது. அன்று அது யாரோ நிதானமாக இழுப்பது மாதிரி பின்னால் வந்து நடுவில் நின்றது. பெட்டியும் நின்றது.

கீழே ஒரே கூச்சல். இறங்கி ஓடினேன்.

"இன்னா மாமு, நிறுத்துனுதானே சொன்னேன், நீ எறக்கிகினே வர்றே!" காஜா தலையில் அடித்துக்கொண்டான்.

சவரி அடியிலிருந்து தவழ்ந்து வந்தான், சட்டை முதுகில் பெட்டியின் அழுக்கு பட்டையாக அப்பியிருந்தது. "முதுகுல பட்ச்சு மச்சான், முதுகுலயே பட்ச்சு" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான். அவனைக் கட்டிக்கொண்டு அழுதேன், வெட்கமாவது மண்ணாவது. ஆனால் தட்டலைப் பற்றி மட்டும் மூச்சுவிடவில்லை. சொன்னால் பைத்தியம் என்று கிரேனை விட்டே இறக்கிவிடுவார்கள்.

மறுநாள் ஷெட்டில் பெட்டியைத் திறந்தார்கள். பொறுப்பேற்க வந்த பட்டாளத்து அதிகாரி கோயமுத்தூர்க்காரர், நல்ல மனிதர், நான் எட்டி எட்டிப் பார்ப்பதைக் கண்டு உள்ளே உட்காரச் சொன்னார். இரண்டு சீட், இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு பிடி. பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து அவருடைய பிடியை இழுத்தார், என் பிடியும் தானாகப் பின்னால் வந்தது.

"படிக்கிற பையன் தப்புப் பண்ணினா சார்?"

"பிடியை வாத்தியார் வாங்கிக்குவாருங்க. எஞ்சின் சத்தத்துல பேசுனாக் கேக்காது, அதனால நான் என் பசங்களுக்கு இப்படிச் செய்யறதுங்க" என்று என் வலது மணிக்கட்டில் இரண்டு தட்டுத் தட்டினார். "உடனே கையை எடுத்துரோணும்."

மணிக்கட்டைத் தடவிக்கொண்டே கேட்டேன். "இந்த வண்டியில வாத்தியார் யாராச்சும் செத்துப் போயிருக்காங்களா சார்?"

அவர் சிரித்தார். "புது வண்டிங்க. நம்ம ரெண்டு பேருதான் முதல்ல உக்காந்திருக்கோம்."

சவரிக்குப் பெண் குழந்தை பிறந்தது. அதன் பிறகு இருபது வருஷம் கிரேன் ஓட்டினேன், அந்தத் தட்டல் மறுபடி வரவேயில்லை. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் பிடியைத் தள்ளுவதற்கு முன் இரண்டு தட்டுக்கான நேரம் காத்திருப்பேன். வராது. எல்லாம் சரியாகத்தான் இருக்கிறதா, இல்லை பக்கத்தில் ஆளே இல்லையா என்று யோசிப்பதற்குள் காஜா கீழேயிருந்து கத்துவான்: "இன்னா மாமு, தூங்கிட்டியா?"