குமுதவல்லி வைத்த இரண்டு பட்டப்பெயர்கள்

பகாவ் டவுன் பசாரில் இன்றைக்கும் என்னைக் கைகாட்டிப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். "அந்தா போறான் பாரு, மருந்துக் காட்டுல ஆள இறக்கினவன்." வருடக்கணக்காக இதைக் கேட்கிறேன். லாரிக்காரன் ஆபீஸ் சொன்ன இடத்துக்குத்தான் ஓட்டுவான். அன்றைக்கு இடம் சொன்னது நானும் இல்லை, கங்காணி மண்டோரும் இல்லை, கம்ப்யூட்டர். அது எப்படிச் சொன்னது என்பது குமுதவல்லிக்குத் தெரியும். அவளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

குமுதவல்லி எங்கள் எஸ்டேட் லயத்து வீடுகளில் வளர்ந்த பெண். அம்மா முத்தாயி செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்குகிறவள். தினமும் என் லாரியில்தான் ஏறுவாள். மகள் சிரம்பானில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு எங்கள் எஸ்டேட் ஆபீஸுக்கே வேலைக்கு வந்தாள். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு ஆள் கூடும்போது, காட்டின் எந்த பிளாக்கில் பழக்குலை வெட்டலாம் என்று ஆபீஸ் ஸ்கிரீனில் வரும். புல்லைக் கொல்லும் விஷ மருந்து அடித்த பிளாக் அதில் வராது. அடிப்பது வெளி கான்ட்ராக்ட் ஆட்கள். அவர்கள் எங்கே அடித்தார்கள் என்பது அந்தக் கம்ப்யூட்டருக்குத்தான் தெரியும்.

ஸ்கிரீன் வர நேரமாகும்.

"ஒரு கோப்பி குடிச்சு, கிளாஸயும் கழுவி வச்சிடலாம் போல," என்று கிண்டல் செய்வேன்.

"இருங்கண்ணே. ஒவ்வொரு பிளாக்கா போய் மருந்தடிச்சாங்களான்னு பார்த்துட்டு வருது லா."

ஒருநாள் எனக்கு விளங்கும்படி சொன்னாள். வெட்டுகிற வேலையும் மருந்தடிக்கிற வேலையும் உள்ளே ஒரே டேபிளில், அதாவது ஒரே பட்டியலில், கிடக்கின்றன. அந்த ஒன்றையே இரண்டு ஆள் மாதிரி எதிரெதிரே நிறுத்தி, ஒருவனைப் பற்றி மற்றவனிடம் கேட்க வேண்டும். அதற்கு இரண்டுக்கும் பட்டப்பெயர் வேண்டும்.

"நம்ம லயத்துல எத்தன புனிதா! சும்மா புனிதான்னா யாரு திரும்புவா? அதான கடைக்காரப் புனிதா, குழாயடிப் புனிதாங்கறோம். அதே மாதிரி நான் ஒண்ணுக்கு 'வெட்டு'ன்னும் இன்னொண்ணுக்கு 'மருந்து'ன்னும் பேரு வச்சிருக்கேன்."

பிறகு தலைமை ஆபீஸிலிருந்து தர்மேந்திரன் வந்தார். கம்ப்யூட்டர் வேலைக்கெல்லாம் அவர்தான் மேலாள். ஸ்கிரீனுக்காகக் காத்திருந்து கடுப்பாகிவிட்டார்.

"இவ்ளோ நீளமா பேரு வச்சா எப்படிம்மா ஓடும்? 'ஏ', 'பி'ன்னு மாத்து. பறக்கும்."

"பேரு நீளத்துக்கும் வேகத்துக்கும் சம்பந்தமில்ல சார். தேடறதுக்கு இண்டெக்ஸ் போடல, அதான் இழுக்குது."

"மாத்தச் சொன்னா மாத்தும்மா."

மாற்றினாள். மறுநாள் காலை ஸ்கிரீன் சட்டென்று வந்தது. தர்மேந்திரன் என் முதுகில் தட்டினார். "என்ன அண்ணே, இனி கோப்பி கிடையாது லா!" எல்லாரும் சிரித்தோம். குமுதவல்லி மட்டும் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மண்டோர் ஆற்றோர பிளாக் என்றார். கொண்டுபோய் இறக்கினேன். லாரியைத் திருப்பும்போது வாடை மூக்கில் ஏறியது. புல்லைப் பார்த்தேன். பனி ஈரம் இப்படி மினுங்காது. அதே நேரத்தில் போன் அடித்தது.

"அண்ணே, அம்மா இறங்கிட்டாங்களா?" குமுதவல்லிதான்.

"இறங்கி உள்ள போயிட்டாங்க."

"ஏத்துங்கண்ணே! எல்லாரையும் ஏத்துங்க! ஒரு பிளாக்கும் விடாம எல்லாமே ஸ்கிரீன்ல வந்திருக்கு!"

ஹார்னை அடித்துக் கத்திக்கொண்டே உள்ளே ஓடினேன். கிட்ட இருந்தவர்கள் வந்துவிட்டார்கள். முத்தாயியைக் காணவில்லை. ஓடும்போது என் கால்சட்டை முட்டிவரை நனைந்தது; அந்த ஈரம் படப்பட உயிர் போய் வந்தது. கடைசி வரிசை மரத்தடியில் குந்தியிருந்தாள். புல்லைக் கிளறிய ஈரக் கையாலேயே வெற்றிலையை மடித்து வாயில் அதக்கியிருந்தாள்.

"துப்புக்கா! துப்பு!"

"என்னடா, பேயப் பார்த்தவனாட்டம்?" என்று சிரித்தாள். பல்லெல்லாம் சிவப்பு.

பகாவ் ஆஸ்பத்திரிக்கு லாரியை விரட்டினேன். வழியில் மோட்டார் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்து ஏறிய குமுதவல்லி, அம்மாவின் வாயைக் கழுவிக் கழுவி விட்டாள். நான் கேட்காமலே பேசினாள்.

"ஒரே ஒரு இடத்துல 'பி' போடறதுக்கு 'ஏ' போட்டுட்டேன். இது மருந்தடிச்ச வேலையான்னு வெட்டு வேலையப் பார்த்தே கேட்டிருக்கு. இல்லன்னுதான வரும்? எல்லா பிளாக்குக்கும் இல்ல. அது தேடவே இல்லண்ணே. அதான் அந்த வேகம்."

"தப்புன்னு கம்ப்யூட்டர் சொல்லாதா?"

"அதுக்கு ரெண்டும் ஒரே டேபிள் தான. பழைய பேரு இருந்திருந்தா என் கண்ணே சொல்லியிருக்கும்."

முத்தாயி பிழைத்தாள். ஆனால் வாயும் தொண்டையும் வெந்துபோயின. மூச்சு பழையபடி திரும்பவில்லை. விசாரணையில், டிரைவர் காட்டைப் பார்த்து இறக்கியிருக்க வேண்டும் என்று எழுதி முடித்தார்கள். தப்பு செய்தது தான்தான் என்று குமுதவல்லி சொன்னாள், பெயரை மாற்றச் சொன்னது யார் என்றும் சொன்னாள். அது எதுவும் அறிக்கையில் ஏறவில்லை.

பழைய பட்டப்பெயர்களை அவளே திரும்ப வைத்தாள், இண்டெக்ஸும் போட்டாள். காத்திருப்பு குறைந்ததே தவிர, அன்றைக்கு மாதிரி ஸ்கிரீன் சட்டென்று வரவில்லை. அவளுக்குப் பயம் போகவில்லை. தினமும் பெரட்டுக்கு முன்னால் மோட்டாரில் போய், ஸ்கிரீனில் வந்த பிளாக்கையெல்லாம் புல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்த பிறகே மண்டோரிடம் பேசுவாள். எத்தனை நாளைக்கு அப்படி முடியும்? அம்மாவைக் கூட்டிக்கொண்டு தம்பின் டவுன் பக்கம் போய்விட முடிவு செய்தாள்.

சாமான் ஏற்றியது என் லாரியில்தான். தம்பினில் எல்லாவற்றையும் இறக்கி முடித்தோம். முத்தாயியின் இருமல் உள்ளேயிருந்து கேட்டது. நான் லாரியில் ஏறியதும் குமுதவல்லி வந்து கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"புதுசா வர்றவங்க திரும்பவும் எதையாவது மாத்துவாங்கண்ணே. ஸ்கிரீன் பழக்கத்துக்கு மாறா சட்டுனு வந்துச்சுன்னா, யாரு சொன்னாலும் லாரிய ஸ்டார்ட் பண்ணாதீங்க."