ஒண்ணாம் தேதிக் கால்

கிருஷ்ணன்குட்டியின் வலது காலுக்கு அந்தச் சந்தில் ஒரு மரியாதை இருந்தது. இடது காலைப் பற்றி யாருக்கும் எந்த அபிப்பிராயமும் கிடையாது.

பாறசாலைப் பக்கம் இப்படி ஒரு வழக்கம் உண்டு. மலையாள மாதம் பிறக்கிற அன்று காலையில் வீட்டுக்குள் முதலில் நுழைகிறவர் கால்ராசி உள்ளவராக இருக்க வேண்டும். இருந்தால் அந்த மாதம் வீட்டில் எல்லாம் நல்லபடியாக நடக்கும். இதற்கு ‘ஒண்ணாம் தேதி கேறுவது’ என்று பெயர். ஆளை முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுவார்கள். அவர் வரும்வரை பால்காரன் வந்தாலும் மாமியார் வந்தாலும் வெளியேதான் நிற்க வேண்டும்.

கிருஷ்ணன்குட்டிக்கு இந்த வேலை ஆறு வயதில் வந்து சேர்ந்தது. ஒரு கன்னி மாதப் பிறப்பன்று மோர் வாங்க அடுத்த வீட்டுக்குள் ஓடினார். இரண்டு வருஷமாகக் கடுதாசியே போடாமல் எங்கோ போயிருந்த அந்த வீட்டுக்காரர் அன்று சாயங்காலம் பெட்டியோடு வந்து இறங்கினார். அந்த அம்மாள் சிறுவனைத் தூக்கி மடியில் வைத்து அவன் வலது உள்ளங்காலில் முத்தம் கொடுத்தாள். கால் கூசியது. மகாதேவர் கோயிலில் எத்தனையோ நாள் கும்பிட்டிருக்கிறார், சபரிமலைக்குப் பதினெட்டு தடவை போயிருக்கிறார். ஆனாலும் சாமி என்று நினைத்தால் அவருக்கு முதலில் வருவது அந்தக் கூச்சம்தான்.

பிறகு தனுவச்சபுரத்தில் ஒரு கல்லூரியில் அட்டெண்டராக முப்பது வருஷம் மணியடித்தார். கல்லூரி மணி ஒரு நாள் தவறியிருக்கலாம், ஒண்ணாம் தேதி தவறியதில்லை. முந்தின நாளே வலது காலின் நகம் வெட்டி, தேங்காயெண்ணெய் தேய்த்துவிடுவார். விடியற்காலை நாலு மணிக்குப் பச்சைத்தண்ணீர்க் குளியல், சந்தனம், பாலராமபுரம் கைத்தறி வேட்டி, மழை இல்லாவிட்டாலும் கையில் குடை. குடை முனையால் கதவில் மூன்று தட்டு. உள்ளே போய் ஒரு வாய் சாயா, ஒரு பழம்.

எரிச்சல்களுக்கும் குறைவில்லை. வாயில் பிரஷ்ஷோடு கதவைத் திறக்கிறவர்கள். வாசலை அடைத்துச் செருப்பைக் குவித்து வைத்துவிட்டு ஐசுவரியம் வரவில்லையே என்று புலம்புகிறவர்கள். அழுத்தினால் குயில் மாதிரிக் கூவுகிற காலிங்பெல். இதெல்லாம் பொறுக்கலாம். புஷ்பராஜைத்தான் பொறுக்க முடியவில்லை.

புஷ்பராஜுக்கு ஐம்பது வயது. பூவாரில் சுற்றுலாக்காரர்களுக்குப் படகு ஓட்டுகிறவன். கடற்கரையில் இருந்த வீட்டைக் கடல் அடித்துக் கொண்டுபோன பிறகு, மனைவி பெர்த்தாவோடு இந்தச் சந்தில் ஒரு பழைய வீட்டை வாங்கிக் குடிவந்தான். போன சித்திரை ஒண்ணாம் தேதி, தண்ணீர் மோட்டாரைக் கழற்ற ஸ்பானர் கேட்டு, அதே சந்தில் வேலைக்குக் காத்திருந்த அஜேஷின் வீட்டுக்குள் நேராக நுழைந்துவிட்டான். அவனுக்கு ஒண்ணாம் தேதியும் தெரியாது, ஒன்பதாம் தேதியும் தெரியாது. கோயில் வாசலில் யாரோடோ பேசிக்கொண்டு நின்றதில் கிருஷ்ணன்குட்டி அன்று பத்து நிமிஷம் பிந்திப் போனார். அடுத்த வாரம் பி.எஸ்.சி. அரசு வேலைப் பட்டியலில் அஜேஷின் பெயர் வந்தது.

அவ்வளவுதான். அடுத்த மாதம் ஒரு வீடு புஷ்பராஜைக் கூப்பிட்டது. அதற்கடுத்த மாதம் இன்னும் இரண்டு.

கிருஷ்ணன்குட்டிக்கு வயிறு எரிந்தது. மதில் சுவரின் இந்தப் பக்கம் நின்று, செம்பருத்திக் கிளையை விலக்கி, புஷ்பராஜின் காலைப் பார்ப்பார். பாளம் பாளமாக வெடித்த குதிகால். பெருவிரல் நகம் கறுத்துப் போயிருந்தது. உப்பும் மீனும் மணக்கிற அந்தக் காலைப் போய் நிலைவிளக்குக்கு முன்னால் வைக்கச் சொல்கிறார்களே, இவர்களுக்குக் கண் அவிந்துவிட்டதா? அதுவும் வாசற்படியில் நின்று சிலுவை போட்டுக்கொண்டு கேறுகிறான். அதை எல்லோரும் கைகூப்பிப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

“கடல் வீட்ட கொண்டுபோனவனுக்குக் காலுல என்ன ராசி இருக்கும்?” என்று டீக்கடையில் ஒருநாள் சொல்லிவிட்டார். யாரும் சிரிக்கவில்லை. அன்று கோயிலில் கண்ணை மூடி நின்று, “மகாதேவரே, அவனுக்குக் காலு முறிய வேண்டாம். ஒரு சுளுக்கு போதும்” என்று வேண்டிக்கொண்டார். வேண்டி முடித்ததும் வெட்கமாக இருந்தது. மறுநாள் புஷ்பராஜ் நொண்டாமல் நடந்து போனதைப் பார்த்ததும் வெட்கம் போய்விட்டது.

ஒரே ஒரு வீடு மட்டும் கைவிட்டுப் போகாது என்று அவருக்குத் தைரியம் இருந்தது. அது நெய்யாற்றின்கரையில் உள்ள மகள் ரேஷ்மியின் வீடு. ஒண்ணாம் தேதி சந்து வீடுகளை முடித்து, கடைசியாகத் தன் வீட்டிலும் கேறிவிட்டு, பஸ் பிடித்து அங்கே போவார். அவர் வரும்வரை ரேஷ்மி கதவைத் திறக்கமாட்டாள். மருமகன் தீபு வேலைக்குப் போகும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு உள்ளேயே காத்திருப்பான். ரேஷ்மிக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம். குழந்தை இல்லை. அதைப் பற்றி நினைக்கும்போது மட்டும் கிருஷ்ணன்குட்டி குனிந்து தன் காலைப் பார்ப்பதில்லை.

ஆவணி பிறந்தது. மலையாளக் கணக்கில் அன்று வருஷப்பிறப்பு. சந்தில் அவருக்கு மிச்சமிருந்தது இரண்டே வீடு.

சஜன் வீட்டில் குடையால் தட்டுவதற்கு முன்பே கதவு திறந்து கிடந்தது. சஜனின் அம்மா விழுந்தடித்து ஓடி வந்தாள்.

“ஐயோ அண்ணா, இப்பதான் புஷ்பராஜ் கேறிட்டுப் போனாரு. சஜனாக்கும் சொல்லி வச்சது, எனக்குத் தெரியாது. நீங்க வாருங்க, சாயா குடிச்சிட்டுப் போலாம்.”

இரண்டாவதாகப் போய்ச் சாயா குடிக்க அவர் என்ன விருந்தாளியா? வேண்டாம் என்று நடையைக் கட்டினார்.

நர்ஸ் ஜிஷா வீட்டில் அதைவிட மோசம். இரவு டியூட்டி முடிந்து வந்த ஜிஷா தானே கதவைத் திறந்து உள்ளே போய், யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் நாற்காலியில் சாய்ந்திருந்தாள்.

“மாமா, மறந்நு போயி. நானே கேறிட்டேன். ஒந்நும் தோந்நல்லே, தப்பா எடுக்காதிய.”

புஷ்பராஜிடம் தோற்றால்கூடப் போகட்டும். தூக்கக் கலக்கத்திடமும் தோற்க வேண்டுமா? வழக்கமாக எல்லா வீட்டிலும் சாயா குடித்துவிட்டு அவர் வீடு திரும்ப ஆறரை ஆகும். அன்று ஆறு மணிக்கெல்லாம் தன் வீட்டு முற்றத்துக்கு வந்துவிட்டார்.

முன்வாசல் திறந்திருந்தது. விளக்கு எரிந்தது. மனைவி விலாசினி கையில் தண்ணீர்க் கிண்டியோடு நின்றாள். கீழ்ப்படியில் செருப்பைக் கழற்றிவிட்டுப் புஷ்பராஜ் நின்றான். அவன் வலது கால் நனைந்திருந்தது.

“நில்லுலே!”

சத்தம் கேட்டுப் புஷ்பராஜ் தூக்கிய காலை அப்படியே கீழே வைத்தான். “அண்ணா, நான் வேண்டாம்னுதான் சொன்னேன். அக்கா விடல்ல.”

“நானாக்கும் விளிச்சது. அவர ஒண்ணும் சொல்லாதிய” என்றாள் விலாசினி. அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

“எனக்க வீட்டுல கேற எனக்கு இல்லாத காலு இவனுக்கு எங்க இருந்து வந்துது?”

“ரேஷ்மிக்கு வேண்டியாக்கும்.”

“ரேஷ்மி இங்கயா இருக்கா? அவ வீட்டுல நானல்லா கேறுதேன்!”

“அதனாலதான்” என்றாள் விலாசினி. கிண்டியைப் படியில் வைத்தாள். “ஏழு வருஷமா ஒரு மாசம் விடாம கேறுதிய. இனி அங்க போவாதியன்னு உங்க மூஞ்சியப் பாத்துச் சொல்ல எனக்கு நாக்கு எழும்பல்ல. அதான் இங்கயாவது வேற ஒரு காலு...”



எண்பத்து நாலு ஒண்ணாம் தேதிகள். காய்ச்சலிலும் போயிருக்கிறார், பஸ் ஓடாத ஹர்த்தாலன்று நடந்தே போயிருக்கிறார். தன் மனசுக்குள்கூட ஒருநாளும் முழுசாகச் சொல்லிப் பார்க்காத ஒன்றை மனைவி அடுத்தவன் முன்னால் சொல்லிவிட்டாள். சந்தில் வீடுகள் போனதெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. புஷ்பராஜின் ஈரக்காலைப் பார்த்தார். அத்தனை பொறாமை அவருக்கு வாழ்நாளில் யார் மேலும் வந்ததில்லை. அந்தக் காலை வெட்டி எடுத்துத் தன் முழங்காலுக்குக் கீழே ஒட்டவைக்க முடியுமானால் அப்போதே செய்திருப்பார்.

“அண்ணா, எனக்க காலுல ராசியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல” என்றான் புஷ்பராஜ். “இருந்தா எனக்க வீட்ட கடல் கொண்டு போவுமா?”

டீக்கடையில் தான் சொன்னது அவன் காது வரைக்கும் போயிருக்கிறது என்று கிருஷ்ணன்குட்டிக்கு உறைத்தது. அவன் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

“எலே, பைக் இருக்கா?”

“உண்டு.”

“எடு. செருப்பப் போடு.”

“எங்க போறிய?” என்று விலாசினி பதறினாள்.

“நெய்யாற்றின்கரைக்கு. அங்க கதவு இன்னும் தொறந்திருக்காது.”

பின்னால் உட்காருகிறவருக்கும் ஹெல்மெட் வேண்டும் என்பதால் பெர்த்தாவின் ஹெல்மெட்டைப் புஷ்பராஜ் கொண்டுவந்து கொடுத்தான். சிவப்பு நிறம், பக்கத்தில் ஒரு பூப்படம். காதை நசுக்கியது. வழியெல்லாம் கிருஷ்ணன்குட்டி அவன் முதுகைப் பார்த்துச் சத்தம் போட்டுக்கொண்டே போனார்.

“நிலைப்படிய மிதிக்கப்பிடாது, தாண்டணும். கேறுத வரைக்கும் ஒண்ணும் பேசப்பிடாது. வலது காலு. கேட்டியா?”

“கேட்டேன் அண்ணா.”

“சிலுவ போடுவியா?”

“போடாம எனக்குப் பழக்கம் இல்லியே.”

“போடு. நல்லா போடு.”

ரேஷ்மி வீட்டின் கதவு சாத்தியிருந்தது. கிருஷ்ணன்குட்டி பக்கவாட்டில் நின்று குடை முனையால் மூன்று தட்டுத் தட்டிவிட்டு, நாலு எட்டு பின்னால் வந்து முற்றத்தில் நின்றுகொண்டார். உள்ளே கொலுசுச் சத்தம் ஓடி வந்தது. கதவு திறந்தது. அப்பாவுக்காக ரேஷ்மி முகத்தில் தயாராக வைத்திருந்த சிரிப்பு, எதிரே நின்ற புஷ்பராஜைப் பார்த்துத் திகைத்தது. அவன் நெற்றியிலும் நெஞ்சிலும் தோள்களிலும் தொட்டுக் கும்பிட்டான். நிலைப்படியைத் தாண்டி வலது காலை வைத்து உள்ளே போனான். ஒரு வார்த்தை பேசவில்லை. நன்றாகத்தான் செய்தான், பாவி.

“அப்பா?” ரேஷ்மி வெளியே எட்டிப் பார்த்தாள். புஷ்பராஜைப் பார்த்தாள், மறுபடி அப்பாவைப் பார்த்தாள். மெல்ல அவளுக்குப் புரிந்தது. கண் நிறைந்துவிட்டது. “அப்பா கேறல்லியா?”

கிருஷ்ணன்குட்டி குனிந்து பார்த்தார். மகளின் குரலைக் கேட்டதுமே தன்னை அறியாமல் முன்னால் நகர்ந்துவிட்டிருக்கிறார். ஏழு வருஷப் பழக்கத்தில் வலது கால் தானாகக் கீழ்ப்படியில் ஏறி நின்றது. அதை எடுத்துத் திரும்பவும் மண்ணில் வைத்தார்.

“அவருக்குச் சாயா குடு. பழம் இருந்தா குடு,” என்றார். “இன்னைக்கு நான் வெளிய நிக்கேன், மக்கா.”