மாலை போட முடியாத படம்

எங்கள் வீட்டு நடுச்சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்ட படம் ஒன்று தொங்குகிறது. அதற்கு இந்தப் பக்கம் தாத்தா, அந்தப் பக்கம் அப்பா. இருவருக்கும் மாலை உண்டு. நடுவில் இருக்கும் சித்திக்கு மட்டும் கிடையாது. காரணம், அந்தப் படத்தில் சித்தி தனியாக இல்லை. பட்டுச்சேலை கட்டி, வாய் நிறையச் சிரித்துக்கொண்டு சித்தி வேலை பார்த்த கம்பெனியின் முதலாளியம்மாதான் நடுவில் நிற்கிறார். அவர் நீட்டும் சேலையை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டு ஓரத்தில் குனிந்து நிற்பவள் சித்தி. முதலாளியம்மா இன்றைக்கும் சிவகாசியில் நல்ல சுகத்தோடு இருக்கிறார். உயிரோடு இருப்பவருக்கு எப்படி மாலை போடுவது? அதனால் அம்மா வருஷத்துக்கு ஒருமுறை, சித்தியின் நெற்றி இருக்கும் இடம் பார்த்துக் கண்ணாடியின் மேல் ஒரு குங்குமப் பொட்டு வைப்பதோடு சரி. வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள், "நடுவுல நிக்கவுகதான் ஒங்க சித்தியா?" என்று கேட்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சித்தி, அம்மாவின் கடைசித் தங்கை. கல்யாணம் ஆகவில்லை. நாரணாபுரத்தில் எங்களோடுதான் இருந்தாள். பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து செலுத்தும் வேலை. எங்கள் தெருவிலேயே உயரமான பெண் அவள்தான். வீட்டு வாசல் நிலையோ தாழ்வு. தினமும் இடித்துக்கொள்வாள். "வீடு கட்டுனவன் குட்டையா இருந்தா அதுக்கு நான் எதுக்குக் குனியணும்?" என்று நெற்றியைத் தேய்த்துக்கொண்டே கேட்பாள். மறுநாளும் இடித்துக்கொள்வாள். அவள் வாய்க்குப் பயந்து தெருவில் பல பேர் ஒதுங்கித்தான் போவார்கள். அப்பாவைக்கூட விடமாட்டாள். ஆனால் எனக்குத் தலை பின்னும்போது அந்த வாய் ஓய்ந்துவிடும். நகக்கண்ணில் ஒட்டிக்கொண்ட அலுமினியப் பொடி என் தலையில் உதிர்ந்துவிடுமோ என்று விரல்களை ஊதி ஊதிப் பின்னுவாள்.

வேலைக்குப் போகும்போது வெளுத்த நூல் சேலையும், அதன்மேல் அப்பாவின் பழைய சட்டையுமாகப் போவாள். அங்கே நூல் துணிதான் கட்ட வேண்டும். மினுமினுப்புச் சேலை உடம்பில் உரசினால் பொறி கிளம்பும். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பொறி மருந்துக்குப் போதும். அதனால் கம்பெனி வாசலில் ஒரு அம்மா உட்கார்ந்து உள்ளே போகிற ஒவ்வொருத்தி முந்தானையையும் கசக்கிப் பார்ப்பாள். கசங்கினால் நூல், போகலாம். கசங்காமல் வழுக்கிக்கொண்டு விரிந்தால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். அப்படி எத்தனையோ பேர் ஒருநாள் கூலியை விட்டுவிட்டுத் திரும்பி நடந்திருக்கிறார்கள். சித்தி ஒருநாளும் திரும்பி வந்ததில்லை.

தீபாவளிச் சீசன் முடியப் போகும் சமயத்தில் முதலாளியம்மா எல்லாப் பெண்களுக்கும் சேலை கொடுப்பது வழக்கம். அந்த வருஷம் கொடுத்தது ரோஸ் நிறத்தில் பளபளவென்று மின்னும் சேலை. படத்துக்கு எடுப்பாக இருக்கும் என்று முதலாளியம்மாவே தேர்ந்தெடுத்தாராம். மருந்து வேலை செய்கிறவளுக்கு எந்தச் சேலை ஆகாதோ அந்தச் சேலை. கொடுத்தவருக்கு அது தோன்றவே இல்லை. அந்த வீட்டு ஆட்கள் மருந்து அறைப் பக்கம் வந்தவர்கள் இல்லையே, எப்படித் தோன்றும்?

அன்று சாயங்காலம் சேலையைப் பாயில் எறிந்துவிட்டுச் சித்தி நடித்துக் காட்டினாள். கம்பெனிக் கேலண்டருக்குப் படம் எடுக்க வந்தவன் இவளைப் பார்த்து, "கொஞ்சம் குனிங்கம்மா, அம்மாவை மறைக்கீக" என்றானாம். குனிந்திருக்கிறாள். படம் சரியாக வரவில்லை என்று சேலையைத் திரும்ப வாங்கி முதலாளியம்மா கையில் கொடுத்து, மறுபடியும் வாங்கச் சொல்லியிருக்கிறான். அப்புறம், சிரிக்கவில்லை என்று இன்னொரு தடவை. "ஒரே சேலைய மூணு மட்டம் வாங்குனவ இந்த ஊருலயே நான் ஒருத்திதான். எம்புட்டுப் பெரிய புண்ணியவதி நான்!" என்றாள். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரிப்பு அடங்கின பிறகு, "குனிஞ்சிருக்கக் கூடாதுக்கா" என்று அம்மாவிடம் மெதுவாகச் சொன்னாள்.

மறுநாள் எல்லாரும் அதே சேலையில் வர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். வடக்கே இருந்து வியாபாரிகள் வருகிறார்களாம்; கூட்டமாக நிறுத்தி ஒரு படம் எடுக்க வேண்டுமாம். அன்றைக்கு வேலை கிடையாது என்பதால் யாரும் மாற்றுச் சேலை கொண்டுபோகவில்லை. வாசலில் யார் முந்தானையையும் யாரும் கசக்கிப் பார்க்கவும் இல்லை. கம்பெனி கொடுத்த சேலையைக் கம்பெனி வாசலிலேயே எப்படிக் கசக்குவது? படம் எடுத்து முடிந்து, விருந்தாளிகளின் கார்கள் போன பிறகுதான், லோடு ஏற்ற லாரி வந்து நிற்கிறது, ஒரு ஆர்டருக்குக் கொஞ்சம் குறைகிறது என்று போர்மேன் ஆள் தேடியிருக்கிறார். "சேலைய மாத்திட்டு வந்துருதேன்" என்று சித்தி கேட்டாளாம். உடன் இருந்தவர்கள் பிறகு எங்களிடம் வந்து சொன்னது இது. "நீ வீட்டுக்குப் போயி வாரதுக்குள்ள லாரி போயிரும். செத்த நேர வேலைதான், போம்மா" என்றிருக்கிறார் அவர்.

நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். வெடிச்சத்தம் கேட்டால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் அழ மாட்டோம். முதலில் வெளியே ஓடி, புகை எந்தத் திசையில் எழும்புகிறது என்று பார்ப்போம். திசை பார்த்த பிறகு, யார் வீட்டு ஆள் அங்கே வேலை பார்க்கிறார்களோ அந்தப் பிள்ளை மட்டும் அழும். அன்றைக்கு அழுதது நான்.

எதனால் வெடித்தது என்று யாருக்கும் தெரியாது. வெயிலாக இருக்கலாம், கைதவறி ஏதாவது விழுந்திருக்கலாம், சேலையாகவும் இருக்கலாம். ஆனால் விசாரிக்க வந்தவர்களிடம் கம்பெனி ஒரே பதிலைத்தான் சொன்னது: படித்துப் படித்துச் சொல்லியும் கேட்காமல் அந்தப் பெண் மினுமினுப்புச் சேலை கட்டி வந்துவிட்டாள். அந்தப் பேச்சு எங்களுக்கு முன்னால் ஊருக்குள் வந்து சேர்ந்தது. துக்கம் கேட்க வந்தவர்களே, "மருந்து வேலைக்கு அப்பிடி ஒரு சேலையக் கட்டலாமா?" என்று அம்மாவிடம் கேட்டார்கள். செத்தவள் மேலேயே பழி. அதுவும் வாசலில் ஒருநாளும் திருப்பி அனுப்பப்படாதவள் மேல்.

காரியம் முடிந்து சில நாளில் முதலாளியம்மா காரில் வந்து இறங்கினார். வாசலில் நின்றபடியே அழுதார். அந்த அழுகை பொய் என்று நான் இன்றும் சொல்ல மாட்டேன். "அவ படம் ஒண்ணுகூட ஒங்ககிட்ட இல்லேன்னு கேள்விப்பட்டேன்" என்று சொல்லி, சட்டம் போட்ட இந்தப் படத்தைக் கொடுத்தார். அது உண்மைதான், வேறு படம் எங்களிடம் இல்லை. அம்மா இரண்டு கைகளையும் நீட்டி வாங்கினாள். அடுத்த வருஷக் கேலண்டரிலும் அதே படம் வந்தது. டீக்கடையில், முடிவெட்டும் கடையில், ரேஷன் கடையில் என்று எங்கே போனாலும் சித்தி குனிந்து நின்றாள். அவளுக்குக் கீழே தேதித்தாளை யாராவது கிழித்துக்கொண்டிருந்தார்கள். நான் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நடக்கப் பழகினேன்.

இப்போது சிவகாசியில் ஒரு அச்சகத்தில் கேலண்டர்களுக்குக் கம்ப்யூட்டரில் படம் செப்பனிடுவது என் வேலை. நூல் சேலைதான் கட்டுகிறேன். எனக்குக் காட்டன் மேல் அவ்வளவு ஆசை என்று உடன் வேலை பார்க்கிறவர்கள் கேலி செய்வார்கள். நானும் சிரித்துவைப்பேன். வேறு சேலை உடம்பில் பட்டுப் படபடவென்று ஒட்டும் சத்தம் கேட்டால் ஜன்னலுக்கு ஓடி, எந்தத் திசையில் புகை என்று பார்ப்பேன் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

போன மாதம் அந்தப் படத்தை அச்சகத்துக்கு எடுத்துப் போய், முதலாளியம்மாவை முழுதாக அழித்தேன். பட்டுச்சேலை போனது, சிரிப்பு போனது, வளையல் கை போனது, ரோஸ் சேலையும் போனது. பின்னால் வெறும் நீலம் நிரப்பினேன். இனி மாலை போடலாம் என்ற சந்தோஷத்தோடு பிரிண்ட் எடுத்து வந்து அம்மாவிடம் நீட்டினேன். அம்மா கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தாள்.

"யாருகிட்ட இப்பிடிக் கையேந்திக்கிட்டு நிக்கா இவ?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். குனிந்த முதுகும் நீட்டிய கைகளும் அப்படியே இருந்தன. "கையையும் சரிபண்ணிறலாம்மா" என்றேன்.

"ஒண்ணும் செய்ய வேண்டாம் தாயி. பழையதே இருக்கட்டும்" என்றாள் அம்மா. "அவ ஏன் அந்தச் சேலையக் கட்டிட்டுப் போனான்னு இன்னைக்கும் கேக்குறாகல்ல. கேக்குறவுககிட்ட நான் எதைக் காட்டுவேன்? சேலையும் இருக்கட்டும், அந்தம்மாவும் இருக்கட்டும். குடுத்தது யாருன்னு தெரியட்டும்."

பழைய படத்தை மறுபடி ஆணியில் மாட்டிவிட்டு, விரலில் குங்குமம் தொட்டுச் சித்தியின் நெற்றியில் வைத்தாள். நிலையில் தினமும் இடித்துக்கொண்ட அதே இடத்தில்.