மாமன் மடி தேடிய சிவபாண்டி

கூமாப்பட்டி சிவபாண்டிக்கு அண்ணன் தம்பி கிடையாது, அக்கா தங்கச்சிகள் ஒரு பட்டாளம். நிஜப் பட்டாளத்திலிருந்து அவர் லீவில் வந்தாலே, யாராவது ஒருத்தி பிள்ளைக்குக் காதுகுத்து வைத்துவிடுவாள். தாய்மாமன் மடியில் வைத்துத்தானே குத்தியாக வேண்டும்! சீர்த்தட்டு முன்னே போக, மேளம் முழங்க வந்து, சட்டமாக உட்கார்ந்துகொள்வார். வீறிட்ட பிள்ளைகள் வேட்டியை நனைத்தால்கூட அவருக்குப் பெருமைதான். அடடா, அன்றைக்கு அவரல்லவா ராஜா! இப்போதும் அந்தப் பேச்சை எடுத்தால் மனுஷனை நிறுத்த முடியாது.

அதே சிவபாண்டி, ஒண்ணு போதும், நல்லா வளர்ப்போம் என்று மகள் யுவராணியோடு நிறுத்திக்கொண்டார். ஊரே அப்படித்தானே ஆகிவிட்டது! வளர்ப்பில் ஒரு குறையுமில்லை. இப்போது யுவராணியின் மகனுக்குக் காது குத்த வேண்டும். மாமனுக்கு எங்கே போவது?

தங்கச்சி அய்யம்மாளின் மகனை உட்காரச் சொல்லிப் பார்த்தார். அவள் பாய்ந்துவிட்டாள்.

"ஏண்ணே, ஒனக்குக் கிறுக்கு புடிச்சிருக்கா? எம்மவன் அவளுக்கு முறைமாப்பிள்ளைல்லா! அண்ணன்னு எப்படி உக்காருவான்?"

மனைவிக்குக் கூடப்பிறந்தவர்கள் எல்லாம் ஆண்கள். அவர்கள் மகன்களும் யுவராணிக்கு அதே முறைதான். மண்டபத்தை நிறைக்கச் சொந்தம் இருக்கிறது, அண்ணன் முறைக்கு ஓர் ஆள் கிடையாது. சிவபாண்டிக்குச் சோறு இறங்கவில்லை.

இருக்கன்குடி கோயிலில் பிள்ளைக்கு மொட்டை போட்டாயிற்று. "மாமன் வாங்கப்பா" என்று ஆசாரி கூப்பிட்டார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"மாமன் இல்லாட்டி என்ன, நானே உக்காருதேன்" என்றார் சிவபாண்டி. சொன்னாரே தவிர, நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

அப்பா அப்படி நின்றது யுவராணிக்குத் தாங்கவில்லை. அவர்களை ஏற்றிவந்த வாடகை வேன் டிரைவர் கருத்தப்பாண்டி மரத்தடியில் நின்றிருந்தான். நேரே அவனிடம் போனாள்.

"அண்ணே, எம்புள்ளைக்கு மாமனா வந்து செத்த நேரம் உக்காருதீகளா?"

அவன் ஒரு நிமிஷம் திகைத்தான். பிறகு குழாயடியில் கைகால் கழுவிவிட்டு வந்து சம்மணம் போட்டான். சிவபாண்டியே பேரனைத் தூக்கி அவன் மடியில் வைத்தார். ஆசாரி காதைக் குத்தியதும் பிள்ளை வீறிட்டது. பார்த்தால், அவன் கண்ணிலிருந்தும் பொலபொலவென்று கொட்டுகிறது.

"நல்ல மாமன்தான் போ! நீயும் அழுதா எப்படிப்பா?" என்று அய்யம்மாள் கேலி பண்ணினாள்.

அவன் பிள்ளையை இறக்கவில்லை. நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

"நானும் ஒத்தப்புள்ளைதான் அத்தை. கூடப்பொறந்தவ இருந்தாத்தான மாமனாக முடியும்? என்னைய யாரும் இப்படிக் கூப்பிடுவாகன்னு நான் நெனைக்கவே இல்ல."